படகு பேட்டரிக்கு எந்தச் சார்ஜர்?

இருட்டில் நின்ற படகு

காரைக்கால் கடற்கரை. அங்கே ஒரு மீனவக் குடும்பம். அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே படகு. அது ஃபைபர் படகு. மாலை 4 மணிக்குக் கடலுக்குப் போவார்கள். இரவு முழுவதும் தொழில் செய்வார்கள். மறுநாள் காலை 8 மணிக்குக் கரைக்கு வருவார்கள்.

படகின் எஞ்சின் டீசலில் ஓடும். அதைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி அந்த எஞ்சினில் இல்லை. ஆனால் விளக்குக்கு மின்சாரம் வேண்டும். வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவிக்கு வேண்டும். வயர்லெஸ்ஸுக்கு வேண்டும். இந்த மூன்றும் பேட்டரியில்தான் ஓடுகின்றன.

ஒரு நாள் அதிகாலை 4 மணி. வலை கடலில் கிடந்தது. திடீரென்று விளக்கு மங்கியது. ஜி.பி.எஸ். திரை அணைந்தது. வயர்லெஸ்ஸும் பேசவில்லை.

"அண்ணே, பேட்டரி போயிடுச்சு!" என்றான் தம்பி.

சுற்றிலும் இருட்டு. கரை எந்தப் பக்கம்? தெரியவில்லை. பெரிய கப்பல்கள் போகும் கடல் அது. விளக்கு இல்லாத சின்னப் படகு கப்பல்காரர் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு பயமும் இருந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை உண்டு. 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் செய்த ஒப்பந்தங்களில் அதை வகுத்தார்கள். கடலில் வேலி கிடையாது. எல்லை எங்கே என்று கருவிதான் சொல்ல வேண்டும். கருவி அணைந்தால் என்ன செய்வது?

தம்பியிடம் ஒரு டார்ச் லைட் இருந்தது. அதை ஆட்டிக்கொண்டே இருந்தான். அரை மணி நேரம் கழித்து ஒரு படகு அருகில் வந்தது. அந்தப் படகின் பின்னாலேயே கரை வந்து சேர்ந்தார்கள்.

தப்பு யார் மேல்?

வீட்டில் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. அவள் கண் கலங்கியது.

"பேட்டரி வாங்கி 5 மாசம்தான் ஆகுது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். கடன் வாங்கியாவது புது பேட்டரி போட்டுடணும்" என்றான் அண்ணன்.

அண்ணி எழுத்தறிவு வகுப்பில் படித்தவள். வீட்டுக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"என்னங்க, அவசரப்பட வேண்டாம். 5 மாசம் நல்லாத்தானே இருந்தது? இப்போ மட்டும் ஏன் போச்சு? இந்த வாரம் என்ன மாறுச்சு?" என்று கேட்டாள்.

தம்பி சொன்னான்: "அண்ணி, நம்ம பழைய சார்ஜர் உப்புத் தண்ணி பட்டுக் கெட்டுப் போச்சு. மூணு நாளா பக்கத்து வீட்டு பைக் சார்ஜர்லதான் போடுறோம்."

"சார்ஜர்ல என்ன இருக்கு? எல்லாம் ஒண்ணுதான்" என்றான் அண்ணன்.

எல்லாம் ஒன்றுதானா? மூவரும் பேட்டரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். பைக் சார்ஜரையும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மேலே எழுதியிருப்பது என்ன?

கடைக்காரர் பேட்டரியைத் துடைத்தார். மேலே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"அக்கா, இதைப் படிங்க" என்றார்.

அண்ணி எண்களைப் படித்தாள். "12. அப்புறம் ஒரு எழுத்து. 80. அப்புறம் இரண்டு எழுத்து."

கடைக்காரர் விளக்கினார். 12க்குப் பக்கத்தில் இருப்பது 'வி' என்ற ஆங்கில எழுத்து. கூடாரத்தைத் தலைகீழாக வைத்தது போல இருக்கும். அது வோல்ட்டைக் குறிக்கும். 80க்குப் பக்கத்தில் முதலில் இருப்பது 'ஏ'. அது கூடாரம் போல இருக்கும், நடுவில் ஒரு கோடு போகும். அது ஆம்பியர். அடுத்து இருப்பது 'எச்'. சின்ன 'எச்' நாற்காலி போல இருக்கும். அது மணி நேரம். 'ஏ', 'எச்' இரண்டும் சேர்ந்தால் ஆம்பியர் மணி.

"இதெல்லாம் எங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றான் அண்ணன்.

"தண்ணிக் குடத்தை நினைச்சுக்குங்க அண்ணே" என்றார் கடைக்காரர்.

வோல்ட் என்பது தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தைப் போன்றது. தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும்.
ஆம்பியர் என்பது குழாயில் விழும் தண்ணீரின் அளவைப் போன்றது.
ஆம்பியர் மணி என்பது குடத்தின் அளவு. குடம் எவ்வளவு கொள்ளும் என்பதை அது சொல்லும்.

இந்தப் பேட்டரி 80 ஆம்பியர் மணி கொள்ளும் குடம். அதிலிருந்து தொடர்ந்து 4 ஆம்பியர் எடுத்தால் ஏறக்குறைய 20 மணி நேரம் வரும்.

"குடம் 80 கொள்ளும். ஆனால் தினமும் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். அடி வரை வழித்தால் பேட்டரியின் ஆயுள் குறையும்" என்றார் கடைக்காரர்.

பிறகு பைக் சார்ஜரைப் பார்த்தார்கள். அதில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தது.

ஒரு இரவுச் செலவு

அண்ணி ஒரு தாள் கேட்டாள். "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகுதுன்னு எழுதிப் பார்ப்போம்" என்றாள். வீட்டுக் கணக்கு போலவே எழுதினாள்.

விளக்குகள்: 2 ஆம்பியர். 12 மணி நேரம். 24 ஆம்பியர் மணி.
ஜி.பி.எஸ்.: அரை ஆம்பியர். 16 மணி நேரம். 8 ஆம்பியர் மணி.
வயர்லெஸ்: அரை ஆம்பியர். 16 மணி நேரம். 8 ஆம்பியர் மணி.
மொத்தம்: 40 ஆம்பியர் மணி.

வயர்லெஸ்ஸில் பேசும்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும். ஆனால் பேசுவது சிறிது நேரம்தான்.

சில கருவிகளில் ஆம்பியர் எழுதியிருக்காது. வாட் என்று இருக்கும். வாட் எண்ணை 12 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 24 வாட் விளக்கு என்றால் 2 ஆம்பியர்.

"செலவு 40. 80இல் பாதி 40. அப்படியானால் பேட்டரி சரியான அளவுதான்!" என்றாள் அண்ணி.

"இப்போ வரவைப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவர, திரும்பக் கொண்டுபோக ஒரு மணி நேரம் ஆகிறது. மீதி 7 மணி நேரம் சார்ஜ் போடலாம். 3 ஆம்பியர் சார்ஜர் 7 மணி நேரத்தில் 21 ஆம்பியர் மணி கொடுக்கும். அதில் எல்லாமே பேட்டரியில் தங்காது. கொஞ்சம் சூடாக வீணாகும். 17 தங்கினால் அதிகம்.

அண்ணி எழுதினாள்.

முதல் இரவு: 80 இருந்தது. 40 செலவு. மீதி 40. பகலில் 17 வரவு. இருப்பு 57.
இரண்டாம் இரவு: 57 இருந்தது. 40 செலவு. மீதி 17. பகலில் 17 வரவு. இருப்பு 34.
மூன்றாம் இரவு: இருப்பு 34. தேவை 40.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "விடியிறதுக்கு முன்னாடியே தீர்ந்து போயிருக்கும். அப்படித்தானே நடந்தது?"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கித் தானும் பார்த்தான்.

பேட்டரி கெட்டதா, பசியா?

கடைக்காரர் இன்னும் ஒரு சோதனை செய்தார். பேட்டரியின் 6 மூடிகளையும் திறந்தார். 12 வோல்ட் பேட்டரிக்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை ஒவ்வோர் அறையிலும் விட்டுப் பார்த்தார். உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியை அது காட்டும்.

"6 அறையும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கு. ஓர் அறை மட்டும் ரொம்பக் குறைஞ்சிருந்தால் அந்த அறை கெட்டதுன்னு அர்த்தம். எல்லாம் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தால் பேட்டரி பசியா இருக்குன்னு அர்த்தம். புது பேட்டரி வேண்டாம். நல்ல சார்ஜர் போதும்" என்றார்.

"இப்படியே விட்டிருந்தால்?" என்று கேட்டான் தம்பி.

"ஈயத் தகடுகள் மேல் வெள்ளைப் படிவம் கட்டியாகப் படியும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. பேட்டரியைக் காலியாகப் பல நாள் போட்டு வைக்கவே கூடாது."

பெரிய சார்ஜர் நல்லதா?

அலமாரியில் ஒரு பெரிய சார்ஜர் இருந்தது. 30 ஆம்பியர். "ரெண்டு மணி நேரத்துல வேலை முடியும். அதைக் கொடுங்க" என்றான் அண்ணன்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அதுவும் தப்பு அண்ணே. சின்னக் குடத்தில் பெரிய குழாயைத் திறந்தால் என்ன ஆகும்?"

தேவைக்கு மேல் ஆம்பியர் கொடுத்தால் பேட்டரி சூடாகும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிப்பது போல் குமிழி விட்டுக் குறையும். தகடுகளில் உள்ள பொருள் உதிரும். பேட்டரி சீக்கிரம் சாகும்.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? தண்ணீர் ஊற்றும் ஈய அமில பேட்டரிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடினால் தவறில்லை.

80 ஆம்பியர் மணி என்றால் 8 முதல் 10 ஆம்பியர்.
100 ஆம்பியர் மணி என்றால் 10 முதல் 12 ஆம்பியர்.

40 ஆம்பியர் மணி செலவானால் 48 போட வேண்டும். வீணாவதையும் சேர்த்த கணக்கு இது. 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் 5 மணி நேரம். கடைசியில் மெதுவாக ஏறும். அதனால் 6, 7 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்குள் பேட்டரி தயார்.

தானாகக் குறைக்கும் சார்ஜர்

10 ஆம்பியரிலும் இரண்டு வகை இருந்தன. ஒன்று சாதாரண வகை. ஆள்தான் பார்த்து அணைக்க வேண்டும். மறந்தால் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று தானியங்கி வகை. அது மூன்று நிலையில் வேலை செய்யும்.

முதல் நிலை: காலிக் குடம். குழாயை முழுவதும் திறந்துவிடும்.
இரண்டாம் நிலை: குடம் கழுத்து வரை நிறைந்துவிட்டது. வோல்ட்டை 14.4 அளவில் நிறுத்தும். ஆம்பியரை மெல்லக் குறைத்துக்கொண்டே வரும்.
மூன்றாம் நிலை: குடம் நிறைந்தது. வோல்ட்டை 13.6 அளவுக்கு இறக்கும். சொட்டுச் சொட்டாக மட்டும் விடும்.

"தொழில் முடிஞ்சு வந்து நாங்க தூங்கிடுவோம். எங்களுக்குத் தானியங்கிதான் சரி" என்றான் தம்பி.

பேட்டரியின் வகையையும் பாருங்கள்

எல்லா பேட்டரியும் ஒரே வகை அல்ல. இதைக் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி: மேலே மூடிகள் இருக்கும். மேலே சொன்ன கணக்கு இதற்குத்தான்.
மூடிய பேட்டரி: திறக்க முடியாது. ஜெல் வகைக்குக் கொஞ்சம் குறைந்த வோல்ட் வேண்டும். அதிகம் கொடுத்தால் உள்ளே வறண்டு போகும். மறுபடி தண்ணீர் ஊற்றவும் முடியாது.
லித்தியம் பேட்டரி: எடை குறைவு. விலை அதிகம். இதற்கென்றே செய்த சார்ஜர்தான் போட வேண்டும்.

சில சார்ஜர்களில் வகையை மாற்றும் பொத்தான் இருக்கும். அதைச் சரியான இடத்தில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சில சார்ஜர்களில் 12, 24 என்று மாற்றும் பொத்தானும் இருக்கும். 24 வோல்ட் லாரிகளுக்கு. 12 வோல்ட் பேட்டரிக்கு 24 வைத்தால் பேட்டரி பாழாகும். வெடிக்கவும் கூடும்.

சூரிய ஒளித் தகடு வைத்தும் சார்ஜ் ஏற்றலாம். 100 வாட் தகடு நல்ல வெயிலில் 5 ஆம்பியர் அளவு தரும். ஆனால் தகட்டை நேராகப் பேட்டரியில் மாட்டக் கூடாது. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இருக்க வேண்டும்.

வாங்கும்போது

அண்ணி சார்ஜரைக் கையில் எடுத்துப் படித்தாள். 12 வோல்ட், 10 ஆம்பியர். பின்னால் 'ஐ.பி. 65' என்று இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"தூசியும் தண்ணியும் உள்ளே போகுமா என்று சொல்லும் எண். 6 என்றால் தூசி நுழையாது. 5 என்றால் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். ஆனால் கடலில் போட்டால் தாங்காது. உப்புக் காற்று வீசும் ஊரில் இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது" என்றார் கடைக்காரர்.

வயர் தடிமனாக இருந்தது. பிளக்கில் 3 கால்கள் இருந்தன. மூன்றாவது கால் எர்த். அண்ணி ரசீதும் கேரண்டி அட்டையும் கேட்டு வாங்கினாள். அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

அன்று கடையிலேயே பேட்டரியை வைத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் குறைந்த ஆம்பியரில் ஒரு நாள் முழுவதும் சார்ஜ் ஏற்றினார். பேட்டரி பிழைத்துக்கொண்டது.

ஜாக்கிரதை!

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே இவற்றை மறக்காதீர்கள்.

1. காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். அருகில் அடுப்பு, பீடி, தீப்பெட்டி வேண்டாம். குழந்தைகளை விடாதீர்கள்.
2. ஈரப் படகுக்குள் வீட்டு மின்சாரத்தை இழுக்காதீர்கள். அது 230 வோல்ட். ஆளைக் கொல்லும். பேட்டரியைக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.
3. சிவப்பு வயரைக் கூட்டல் குறியில் மாட்டுங்கள். கறுப்பு வயரைக் கழித்தல் குறியில் மாட்டுங்கள். பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.
4. கழற்றும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு கறுப்பு. கடைசியில் சிவப்பு.
5. பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறிய பிறகு, கோடு வரை ஊற்றினால் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.
6. கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போகவே கூடாது. போனால் குளோரின் என்ற விஷ வாயு வரும்.
7. அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.
8. பேட்டரி முனைகளில் உப்புப் பூக்காமல் துடையுங்கள். வாசலைன் தடவுங்கள்.

பிறகு என்ன நடந்தது?

இப்போது படகில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருக்கிறது. கடலுக்குப் போகும் முன் தம்பி அதைப் பார்க்கிறான். சார்ஜரைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்து, விளக்கு எதுவும் எரியாதபோது பார்க்க வேண்டும். 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. 12.4க்குக் குறைவாக இருந்தால் அவர்கள் கடலுக்குப் போவதில்லை.

கையில் ஒரு டார்ச்சும் தனியாக இருக்கிறது. 1554 என்ற எண்ணை அண்ணி படகின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறாள். அது கடலோரக் காவல் படையின் உதவி எண். செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் உதவும். தூரத்தில் இருந்தால் வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் உதவி கேட்கலாம். வயர்லெஸ் பேச வேண்டும் என்றால் பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும்.

"புது பேட்டரிக்கு வட்டிக்கு வாங்க இருந்தேன். ஒரு தாளில் கணக்குப் போட்டு நீ காப்பாத்தினே" என்றான் அண்ணன்.

"கணக்கு மட்டும் இல்லீங்க. மேலே எழுதியிருந்ததைப் படிச்சோம். அதான்" என்றாள் அண்ணி.

நினைவில் கொள்வோம்

பேட்டரியின் வோல்ட்டும் சார்ஜரின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
சார்ஜரின் ஆம்பியர், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடலாம்.
பேட்டரியின் வகைக்கு ஏற்ற சார்ஜர் வேண்டும்.
இரவில் எடுத்ததைப் பகலில் முழுவதும் திருப்பிப் போட வேண்டும்.

யோசித்துப் பதில் எழுதுங்கள்

1. மூன்றாம் நாள் இரவு பேட்டரி ஏன் தீர்ந்தது?
2. 30 ஆம்பியர் சார்ஜர் ஏன் வேண்டாம் என்றார் கடைக்காரர்?
3. உங்கள் ஊரில் ஒரு படகில் 100 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கிறது. ஓர் இரவில் 50 செலவாகிறது. எத்தனை ஆம்பியர் சார்ஜர் வேண்டும்? எத்தனை மணி நேரம் ஆகும்?
4. உங்கள் வீட்டிலோ படகிலோ டிராக்டரிலோ உள்ள ஒரு பேட்டரியைப் பாருங்கள். மேலே உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள். அதன் சார்ஜரில் உள்ள எண்களையும் எழுதுங்கள். இரண்டும் பொருந்துகின்றனவா?